அரைக்கைச் சேட்டுகள்

குகன், என் செல்லமே,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. அம்மாவுக்குச் சோம்பல் என்று நினைத்துக்கொள்ளாதே. நாளைக் காலை நீ கொழும்பு பஸ்ஸில் ஏறினால், போய்ச் சேருவதற்குள் எத்தனையோ இடத்தில் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறவேண்டும். ஒட்டிய உறையைக் கண்டால் எந்தக் கைக்கும் கிழித்துப் பார்க்கத்தான் தோன்றும். திறந்து கிடப்பதை யாரும் அவ்வளவு பெரிதாக எடுப்பதில்லை. அப்படியும் யாராவது எடுத்து வாசித்தால் வாசிக்கட்டும். உனக்குச் சொல்ல இருப்பதும் அவர்களுக்குச் சொல்ல இருப்பதும் ஒன்றுதான். ஐயா, இதை வாசிப்பவர் நீங்களாக இருந்தால், முழுவதையும் வாசித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வெளியில் விட்டால் இவன் தொலைத்துவிடுவான். குடையையும் சாவியையும் தொலைத்தே வளர்ந்த பிள்ளை.

பையைத் திறந்ததும் உனக்குக் கோபம் வரும், தெரியும். நீ அடுக்கி வைத்த நீளக்கைச் சேட்டுகளை எல்லாம் எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டேன். அவற்றுக்குப் பதிலாக வைத்திருப்பது அத்தனையும் அரைக்கை. போன கிழமை முழுவதும் என் தையல் மெஷின் ஓயாமல் ஓடியதே, ஆருக்கு இவ்வளவு தையல் என்று நீ முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டாயே, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் யூனிபோம் என்றேன். அது பொய். அம்மாவுக்குப் பொய் நன்றாக வரும் என்பது இதை வாசித்து முடிக்கும்போது உனக்குத் தெரிந்துவிடும். கந்தோரில் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு நீளக்கைதானே மரியாதை என்பாய். மரியாதையைப் பிறகு பார்க்கலாம். முதலில் நீ போய்ச் சேரவேண்டும்.

உன் இடது புறங்கையில் தொடங்கி, மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறுகிற அந்தத் தழும்பை நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து துணியால் மறைத்து வந்தவள் நான்தான். உன் சேட்டுகள் எல்லாவற்றிலும் இடக்கை வலக்கையைவிடக் கொஞ்சம் நீளம். புறங்கையையும் சேர்த்து மூடட்டும் என்று வெட்டும்போதே கூட்டி வெட்டுவேன். நீ ஒரு பக்கம் தோளைச் சரித்து நடக்கிறாய் என்று உன் சிநேகிதர்கள் கேலி செய்வார்களாம். உன் தோளில் ஒரு குறையும் இல்லை, ராசா. அது என் கத்தரிக்கோல் செய்த வேலை. மறைத்தால் பிள்ளைக்கு வெட்கம் இராது என்று நினைத்தேன். இந்தக் காலத்தில் ஒரு இளம் தமிழ்ப் பிள்ளை உடம்பில் எதையாவது மறைத்தால், அதை வெட்கம் என்று யாரும் எடுக்கமாட்டார்கள், சண்டைக் காயம் என்றுதான் எடுப்பார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

கண்டி வீதிச் சோதனைச்சாவடியில் உன் கைப் பொத்தானைக் கழற்றச் சொன்ன அன்று ஏறியது. வேலைக்குப் போகுமுன் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு வரட்டும் என்று உன்னையும் அப்பாவையும் தம்பலகாமத்துக்கு அனுப்பியவளும் நான்தான். திரும்பி வரும் வழியில் உங்களை மறித்தார்கள். பிறகு நடந்தது உனக்குத் தெரியும். தெரியாதது, அதற்குமுன் நடந்தது. அன்று வீடு திரும்பும்போது திரீவீல் ஓட்டோவுக்குள் நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய்: "அப்ப கையிலை சுடுகஞ்சி ஊத்துப்பட்டதெண்டது பொய்யோ அம்மா?" நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு நீ என்னோடு கதைப்பது சாப்பாட்டுக்கும் குளிப்புக்கும் மட்டும்தான். கோபத்தோடு உன்னைக் கொழும்புக்கு அனுப்ப என்னால் ஏலாது. பிழையான கதையோடு அனுப்பவும் ஏலாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு அப்போது நான்கு வயது. அறுவடைக்காலம் என்று பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தோம். வயற்காற்றும் குளத்துக் குளிப்பும் உனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. நுளம்புக்கும் உன்னைப் பிடித்துக்கொண்டது. முதலில் குளிரும் காய்ச்சலும். பிறகு கண்கள் மேலே சொருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பெரியப்பாவின் உழவு மெஷினில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு கண்டி வீதிக்கு வந்து, அங்கிருந்து ஒரு லொறியில் ஏறி நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்தோம். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டொக்டர். குயினைன் மருந்தைச் சேலைனில் கலந்து, துளித்துளியாக ஏற்றினால்தான் பிள்ளை பிழைப்பான் என்றார். உன் இடது புறங்கையில் ஊசியைக் குத்தி, சேலைன் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு வெட்டி அதைக் கைக்கு அடியில் கொடுத்து, பிளாஸ்டரால் சுற்றி ஒட்டினார்கள். அந்த அட்டையோடு உன் கை ஒரு சின்னத் துடுப்பு மாதிரி இருந்தது.

அந்தப் பிள்ளைகள் வாட்டில் தாய்மார் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். ஊசி ஏறிய கையைத் துணியால் மூடினேன். பிள்ளை கண்டால் பிடுங்கிவிடும் என்று ஒரு காரணம். பார்க்க வருகிறவர்களின் கண் படக்கூடாது என்று இன்னொரு காரணம். போதாததற்கு, கோயிலில் இருந்து வந்த மஞ்சள் நூலையும் அந்த மணிக்கட்டிலேயே கட்டினேன். வலக்கையில் கட்டியிருக்கலாம். நோவும் வருத்தமும் எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கையில்தான் காவல் வேண்டும் என்பது என் கணக்கு. அன்று அந்தக் கட்டிலுக்குப் பொறுப்பாக இருந்தது, நேர்ஸ் வேலை படிக்க வந்திருந்த ஒரு சிங்களப் பிள்ளை. தெற்கே எங்கோ தூரத்து ஊர். உன் இப்போதைய வயதுகூட இராது. தமிழ் நாலைந்து சொல்லுக்கு மேல் வராது. அவள் கையைப் பார்க்கவென்று வந்து துணியைத் தொட்டாள். நீ அழுது அழுது அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாய். "மிஸி, இப்பதான் நித்திரை. பிறகு பாருங்கோ," என்று நான் அவள் கையைப் பிடித்தேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அந்தத் துணிக்குக் கீழே ஊசி நரம்பை விட்டு விலகியிருந்தது. நரம்புக்குள் போகவேண்டிய மருந்து தோலுக்கு அடியில், சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நீ எழும்பிப் போட்ட சத்தத்தை வீட்டுக்குப் போக அழுகிறாய் என்றுதான் நினைத்தேன். "அப்பா வருவார் ராசா, அப்பா வருவார்," என்று தட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைதான் ஓடி வந்து, என்னைக் கேட்காமல் துணியை இழுத்து எறிந்தாள். கை முழங்கைவரை வீங்கித் தோல் இறுகி மினுங்கியது. நடுவில் வெளிறிப் போய், தொட்டால் குளிர்ந்தது. கட்டியிருந்த நூல் சதைக்குள் புதைந்திருந்தது. அவள் சேலைனைப் பூட்டினாள், ஊசியைப் பிடுங்கினாள், கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்தவள் நூலின்மேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கோயில் நூல் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "வெட்டுங்கோ," என்றேன். வெட்டிய நூலைக் குப்பையில் போடாமல் பஞ்சுத் துணியில் மடித்து என் கையில் தந்தாள். எனக்கு அவளில் அன்பு வந்தது அந்த இடத்தில்தான்.

டொக்டர் வந்து அவளை எல்லோருக்கும் முன்னால் ஏசினார். துணியை எடுக்கவிடாமல் மறித்தவள் நான் என்று அவரிடம் அப்போதே சொன்னேன். அவர் என்னையும் சேர்த்து ஏசினார். அதிலும் ஒரு நீதி இருந்தது. பிறகு கோபம் தணிந்து எனக்கு விளங்கப்படுத்தினார்: "பிள்ளையின்ரை உயிரைப் பிடிச்சு வைச்சிருக்கிறதும் இந்த மருந்துதான் அம்மா. நரம்பாலை வெளியிலை வந்தால் சதையை எரிச்சுப்போடும்." மற்றக் கையில் புதிய ஊசி போட்டு மருந்தைத் தொடர்ந்தார்கள். காய்ச்சல் விட்டது, நீ என்னை அடையாளம் கண்டு பால் கேட்டாய். ஆனால் இடக்கையில் கொப்பளம் எழும்பி, உடைந்து, தோல் கறுத்துப் பனங்கொட்டை நிறத்துக்கு வந்தது. கறுத்ததைக் கழுவி எடுத்தபோது உள்ளே வெள்ளைத் தசைநார் தெரிந்தது. தையற்காரி நான், பிரிந்ததைப் பார்த்தால் கை தானாக ஊசியைத் தேடும். அதைத் தைக்க வழியில்லை என்றார்கள். துடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டலாம், அதற்குக் கொழும்புக்குப் போகவேண்டும், ஆனால் சண்டையால் பாதை பூட்டு. கழுவிக் கட்டிக் கழுவிக் கட்டித்தான் அது மூடியது.

பெரியப்பா உன்னைப் பார்க்க வந்தது அந்த நாட்களில்தான். பிரச்சினை நன்றாக மூண்டிருந்த நேரம். நகரத்தில் கடைகள் எரிந்து அடங்கியிருந்தன, யாரும் யாரையும் நம்பாத கிழமை. உன் கையைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. எந்த நேர்ஸ் என்று விசாரித்தார். பெயரைக் கேள்விப்பட்டார். "சிங்களப் பெட்டை வேணுமெண்டுதான் செய்திருப்பாள். இதைச் சும்மா விடேலாது. பெடியளிட்டைச் சொல்லுறன்," என்றார். உன் பெரியப்பா கெட்டவர் இல்லை. உன்னை மடியில் வைத்து உழவு மெஷின் ஓட்டக் காட்டித் தந்தவர். உன்மேல் இருந்த பாசம்தான் அப்படிக் கதைக்க வைத்தது. ஆனால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் விடுதியில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வீதியால் தனியாக நடந்து வருகிறவள். அந்தக் கிழமையில் ஒரு கதை வாசலைத் தாண்டினால் போதும், யாராவது அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன். "இல்லை அத்தான். நான்தான் கஞ்சியை ஊத்திப்போட்டன். கோப்பை சரிஞ்சு போச்சுது."

"அப்ப ஏன் முதல் சொல்லேல்லை?"

"உங்களுக்குப் பயத்திலைதான்."

உடனே நம்பிவிட்டார். ஒரு பெண் கவனமில்லாதவள் என்று சொன்னால் சாட்சி கேட்கிற ஆண் இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அவர் பொய் சொல்லமாட்டார், ஆனால் வாய் திறக்காமல் இருக்க அவரைவிடத் தெரிந்தவர் இந்தத் திருகோணமலையில் இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனிதர், நாள் முழுக்க உயரத்தில் தனியாக இருந்து பழகியவர். கூரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். அன்றையிலிருந்து நான் கஞ்சி ஊத்தின தாய். கலியாண வீடுகளில் சமையல் நடக்கிற குசினிப் பக்கம் போனால் யாராவது ஓடி வந்து என் கையில் இருக்கிற தேத்தண்ணித் தட்டை வாங்கிவிடுவார்கள். பிள்ளைகள் விளையாடினால், "அவவைக் கொஞ்சம் அங்காலை இருக்கச் சொல்லுங்கோ," என்பார்கள். நல்ல வசதி. இத்தனை வருடத்தில் ஒரு கலியாணத்திலும் நான் வேலை செய்யவில்லை, கதிரையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

காயம் ஆறியபோது உன் விரல்கள் விரிந்தபடியே விறைத்துவிட்டன. மூடாது. மூடப் பழக்காவிட்டால் கை விளங்காமல் போகும் என்றார் டொக்டர். பழக்கியது அந்தப் பிள்ளைதான். வேலை முடிந்ததும் விடுதிக்குப் போகாமல் உன் கட்டிலுக்கு வருவாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. உன் கையை வெந்நீரில் வைத்து, தேங்காயெண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக மடக்குவாள். நோகும், நீ கத்துவாய். உன் கவனத்தைத் திருப்ப அவளுக்குத் தெரிந்தது அவள் ஊர்ப் பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஐந்துவரை சிங்களத்தில் எண்ணும் எண்ணிக்கைதான். பெருவிரலில் தொடங்குவாள். எக்காய், தெக்காய், துனாய், ஹத்தராய், பஹாய். சின்னவிரல் மட்டும் 'பஹாய்' சொன்னாலும் வராது. அவள் அவசரப்படுத்தமாட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உன் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது மெல்ல மெல்ல வந்து சேர்ந்ததும் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு நீ அவளை மறந்துவிட்டாய். நான்கு வயதுப் பிள்ளைக்கு எது ஞாபகம் இருக்கும்? எண்ணிக்கையை மட்டும் உன் கை மறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பொறுக்கினாய் என்று நீயே நினைத்துக்கொண்டாய். நானும் ஓம் என்றேன். வெளியில் போனால் வாய்க்குள்ளேயே எண்ணு, இல்லாவிட்டால் ஊரில் கதை வரும் என்று சொன்னதும் நான்தான்.

இனி நீ நின்ற சோதனைச்சாவடிக்கு வருகிறேன், ஆனால் நான் நின்ற பக்கத்தால். திரீவீல்காரப் பொடியன் வந்து, "அக்கா, குகனையும் அண்ணையையும் மறிச்சு வைச்சிருக்கினம், கையிலை ஏதோ காயமாம்," என்றபோது நான் ஒரு பெண்பிள்ளையின் சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியே ஏறி வந்துவிட்டேன். கழுத்தில் அளவு நாடா தொங்குவது அங்கே ஆமிக்காரன் அதைத் தொட்டு என்ன இது என்று கேட்டபோதுதான் தெரிந்தது. உன்னை ஒரு பக்கம் நிறுத்தியிருந்தார்கள், அப்பாவை வேறு பக்கம். கிட்டப் போய் ஒரு சொல் கதைக்கவும் விடவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த ஆமிப் பெரியவர், இந்தத் தழும்பு எப்படி வந்தது என்று மட்டும் கேட்டார். நீங்கள் இருவரும் என்ன சொன்னீர்கள் என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை. நான் என்ன சொல்கிறேனோ அதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது விளங்கியது.

நீ கஞ்சி என்றுதான் சொல்லியிருப்பாய், உனக்கு வேறு தெரியாது. நானும் கஞ்சி என்றால் இருவர் கதை ஒன்றாகும். அந்தச் சொல் என் நாக்கில் பழகிக் கிடந்தது. அப்போது அப்பாவைப் பார்த்தேன். பேசாமல் இருக்கும்போது அவர் எப்போதும் மேலேதான் பார்ப்பார், கிரேன் பழக்கம். அன்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறந்துவிட்டார் என்று கண்டுகொண்டேன். அந்த மனிதர் வாய் திறந்தால் உண்மைதான் வரும். அப்படியென்றால் நீ பொய்யனாகிவிட்டாய். தெரியாமல் சொன்ன பொய்க்கு என் பிள்ளை அந்த மண்மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறான். நான் பெரியவரிடம் முழுவதையும் சொன்னேன். என் சிங்களம், உத்தியோகத்தர் வீட்டுப் பெண்களுக்குச் சட்டை தைத்துப் பழகிய சிங்களம். கை, துணி, நூல், ஊசி, இறுக்கம், வெட்டு. அதற்குமேல் தெரியாது. அன்றைக்கு வேறு சொல் தேவைப்படவும் இல்லை. கஞ்சி என்று ஏன் பிள்ளைக்குச் சொன்னீர்கள் என்று கேட்டார். நேர்ஸ் மிஸி உங்கள் ஆள், எங்கள் ஆட்கள் கோபத்தில் இருந்தார்கள், அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடும் என்று பயந்தேன் என்றேன். அவர் என்னை நம்பினாரோ தெரியாது. அவளின் பெயர் என்ன என்றார். மறந்துவிட்டது என்றேன்.

பிறகு உன்னைக் கூப்பிட்டுக் கையை மூடச் சொன்னார். எதற்கு என்று எனக்கு விளங்கியது. துவக்கைப் பிடித்துச் சுடுகிற கையா என்று பார்க்கிறார்கள். நீ மூடினாய். உன் உதடு அசைந்தது. அவர் கதிரையில் இருந்து முன்னால் சாய்ந்து, என்ன சொல்கிறாய் என்று கேட்டார். "ஒண்டுமில்லை," என்றாய். சத்தமாகச் சொல் என்றார். நீ பயந்து போய்ச் சொன்னாய். எக்காய், தெக்காய், துனாய், ஹத்தராய், பஹாய். சின்னவிரல் வரவில்லை. அங்கே இருந்த எல்லோரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் உன்னைப் பெற்றபோதுகூட அப்படிக் காத்திருக்கவில்லை. அது வந்து சேர்ந்ததும், யார் பழக்கினது என்று கேட்டார். "தெரியாது ஐயா. சின்னனிலை இருந்து வருது," என்றாய். நீ தெரியாது என்று சொன்னதைத்தான் அவர் நம்பினார். தானும் ஒருதரம் கையை விரித்து மூடிப் பார்த்துவிட்டு, உன் அடையாள அட்டையை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். "இனிமேல் வீட்டில் எல்லோரும் ஒரே கதையைச் சொல்லுங்கள்," என்றார். அவ்வளவுதான்.

இன்னொன்று இருக்கிறது. எழுதலாமா என்று யோசித்தேன், எழுதுகிறேன். அந்தச் சாவடியில் வேப்பமரத்துக்குக் கீழே பலகையில் ஒரு அம்மா இருந்தாவே, பக்கத்தில் அவவின் மகனும், நீ கவனித்தாயோ தெரியாது. அவனுக்கு முழங்காலில் தழும்பு. சைக்கிளால் விழுந்தது. ஒரே கதை, உண்மைக் கதை. அந்தப் பிள்ளையும் அதைத்தான் சொன்னான், அவவும் அதைத்தான் சொன்னா. நாங்கள் வெளியே வரும்போது அவ என் சீலைத் தலைப்பைப் பிடித்தா. "தங்கச்சி, நீங்கள் என்ன சொன்னனீங்கள்? எனக்கும் சொல்லித் தாங்கோ. நானும் அதையே சொல்லுறன்."

அவவுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது, குகன்? "கடவுள் இருக்கிறார் அக்கா," என்று ஏதோ சொல்லிவிட்டு, உன் கையைப் பிடித்துக்கொண்டு திரீவீலில் ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை. நீ கேள்வி கேட்டபோது நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தது அதனால்தான், உனக்கு மறைக்கவேண்டும் என்று அல்ல. மறுநாள் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். பலகை வெறுமையாக இருந்தது. அது நல்லதா கெட்டதா என்று கேட்க அங்கே யாருமில்லை. இப்போதும் சந்தையில் அந்த உயரத்தில், அந்த நடையில் ஒரு பெண்ணைக் கண்டால் முன்னால் ஓடிப் போய் முகத்தைப் பார்க்கிறேன். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உனக்குப் புத்தி சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையும் உண்மையைத்தான் சொன்னான். நமக்கு ஒரு சின்னவிரல் இருந்தது, அவனுக்கு அது இல்லை. அதனால் கொழும்பில் நன்றாக இருக்கும்போது பெருமைப்படாதே. மற்றவன் மாட்டிக்கொண்டால் அவன் ஏதோ செய்திருப்பான் என்று ஒருநாளும் சொல்லாதே.

நாளைக்கு எங்கே இறக்கிக் கேட்டாலும் கஞ்சி என்று சொல்லாதே. நான்கு வயதில் மலேரியா, சேலைன் ஏற்றினார்கள், மருந்து வெளியே கசிந்து சதையை எரித்தது. அப்பாவிடம் கேட்டாலும் அதுதான், என்னிடம் கேட்டாலும் அதுதான். பெரியப்பாவிடமும் அப்பா சொல்லிவிட்டார். அவர், "அப்ப இவ்வளவு காலமும் அவளைக் குசினிக்குள்ளை விடாமல் வைச்சனாங்கள்," என்று மட்டும் சொன்னாராம். இனி எனக்குக் கலியாண வீடுகளில் வேலை வந்துவிடும், உன்னால் எனக்கு வந்த நட்டம் அது. நேர்ஸின் பெயரைக் கேட்டால் அம்மாவுக்குத்தான் தெரியும் என்று சொல். அம்மாவைக் கேட்டால் அம்மாவுக்கு மறந்துவிட்டது. திறந்த உறையில் அந்தப் பெயரை எழுதமாட்டேன். நீ விடுமுறைக்கு வரும்போது காதோடு சொல்கிறேன், ஒருநாள் நீ போய்ப் பார்க்கவேண்டியவள் அவள்.

சேட்டுகளைப் போடு. கையை மூடி வைத்துத்தான் நமக்கு எல்லாம் வந்தது. நான் துணியால் மூடினேன், பிறகு கஞ்சிக் கதையால் மூடினேன், பிறகு நீளக்கையால் மூடினேன். இனி அது வெயிலையும் காற்றையும் காணட்டும். யாராவது பார்த்தால் பார்க்கட்டும், கேட்டால் சொல். வெட்கமாக இருந்தால் என்னை நினைத்துத் திட்டிக்கொள், எனக்குப் பழக்கம்தான். தலைக்கு எண்ணெய் வை. நேரத்துக்குச் சாப்பிடு. என்மேல் இருக்கிற கோபத்தை ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பு, வாசிக்க ஆசையாக இருக்கிறது.

காலையில் எழும்பியதும் கையை விரித்து மூட மறக்காதே. புது இடம், கூட இருக்கிறவர்கள் பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டால் விரல்கள் மறுபடி விறைத்துப்போகும். வாய்க்குள் எண்ணாதே, இனி வாய்விட்டு எண்ணு. பெருவிரலில் தொடங்கு. பஹாய் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறு, அது எப்போதும் பிந்தித்தான் வரும். நானும் அந்த நேரத்துக்கு இங்கே குசினியில் நின்று என் கையை மூடிக்கொண்டு, உன் சின்னவிரல் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா